தவறும் உரிமை யாருக்கு?

வடிவமைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு அறிவியல் தத்துவம் வேண்டியதில்லை என்று சக இதழொன்றில் ஒரு கட்டுரை வாதிடுகிறது. வடிவமைப்பாளர் செய்கிறவர், அவருடைய அறிவு கையில் இருக்கிறது, அறிவியல் தத்துவவாதிகளான கார்ல் பாப்பரையும் தாமஸ் கூனையும் அவர் தலையில் கட்டுவது வீண்சுமை என்பது அதன் சாரம். இதற்கு அரணாகக் கட்டுரையாளர் நிறுத்துவது ‘பொல்லாத சிக்கல்கள்’ என்ற கருத்தாக்கத்தை. அந்த அரணைத்தான் எங்களால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் திட்டமிடல் பற்றி 1973இல் எழுதிய கட்டுரையில் அத்தகைய சிக்கல்களுக்குப் பத்து இயல்புகளைச் சொல்கிறார்கள். இறுதியான வரையறை கிடையாது, எங்கே நிறுத்துவது என்ற விதி கிடையாது என்று தொடங்கும் முதல் சிலவற்றோடு நம் ஆய்வேடுகள் நின்றுவிடுகின்றன. பத்தாவது இயல்பு நேரடியாகப் பாப்பரோடு பேசுகிறது. பாப்பர் சொல்வதுபோல, விஞ்ஞானி முன்வைக்கும் கருதுகோள் பொய்ப்பிக்கப்பட்டால் அவரை யாரும் குற்றம் சாட்டுவதில்லை. அறிவு ஓரடி நகர்கிறது. திட்டமிடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் போட்ட சாலை தவறென்று தெரியும்போது வீடிழந்தவர்கள் இழந்துவிட்டிருப்பார்கள். ஆகவே தவறும் உரிமை அவருக்குக் கிடையாது என்கிறார்கள். பொய்ப்பித்தல் என்றால் என்னவென்று படிக்காதவருக்கு இந்த வாதம் எங்கே குத்துகிறது என்று எப்படித் தெரியும்? அறிவியல் தத்துவத்தோடு மல்லுக்கட்டிப் பிறந்த ஒரு கருத்தை, அறிவியல் தத்துவம் வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகக் கட்டுரையாளர் அழைத்திருக்கிறார்.

கட்டுரையாளர் அழைக்கும் மற்ற இரு சாட்சிகளும் இதே வழிதான். சொல்லில் அடங்காத கையறிவைப் பற்றி எழுதிய மைக்கேல் போலன்யி வேதியியலாளர். அவருடைய ‘பெர்சனல் நாலெட்ஜ்’ (1958) அறிவியல் எப்படி அறிகிறது என்பதைப் பற்றிய நூல். செயலின் நடுவே சிந்திப்பவரைப் பற்றி 1983இல் எழுதிய டொனால்ட் ஷோன், ஹார்வர்டில் ஜான் டூயியின் விசாரணைக் கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர். இவர்களின் முடிவுகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அந்த முடிவுக்கு அவர்கள் வந்த பாதையை மாணவருக்கு அடைப்பது என்ன நியாயம்?

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹார்வர்டில் அவர் செய்த முனைவர் ஆய்வு 1964இல் நூலாக வந்தது. 600 பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமத்தின் தேவைகளை 141ஆகப் பிரித்து, அவை ஒன்றையொன்று எங்கெங்கே தொடுகின்றன என்று கணக்கிட்டு, வடிவத்துக்குப் போகும் வழியை அதில் காட்டினார். ஏழே ஆண்டுகளில், 1971இல் வந்த பதிப்பின் முன்னுரையில், வடிவமைக்கும் வேலையிலிருந்து பிரித்தெடுத்து முறையியலை மட்டும் ஆராயும் போக்கை அவரே நிராகரித்தார். எந்தக் கட்டத்தில் என்ன கோருகிறோம் என்பதை அவ்வளவு துலக்கமாக எழுதியிருந்ததால்தான் அவரால் அதை மறுக்க முடிந்தது. மறுக்க இடமே தராமல் எழுதப்படும் ஆய்வேட்டைவிட, எழுதியவரே திரும்பி நின்று கேள்வி கேட்ட அந்த நூல் எங்களுக்குப் பெரிது.

முன்மாதிரி வேலை செய்தது, பயன்படுத்தியவர்களுக்குப் பிடித்திருந்தது, எனவே கோட்பாடு சரி. இப்படி முடியும் ஆய்வேடுகள் பெருகிவிட்டன. ஒரு சக்கர நாற்காலி மருத்துவமனையில் நன்றாக ஓடினால், ஓடியது அதன் வடிவமைப்பாலா, தள்ளிய உதவியாளரின் பழக்கத்தாலா, வழவழப்பான தரையாலா? ஓடாவிட்டால் பிழை கருத்திலா, இரும்பிலா, சோதித்த முறையிலா? அறிவியல் சோதனை தோற்றால் பிழை எதில் என்று பியர் டூயெம் 1906இலேயே எழுப்பிய கேள்வியின் உறவுக்காரக் கேள்விகள் இவை. பட்டறையில் தினமும் எழுகின்றன. நாற்காலி செய்யத் தெரிந்தவருக்கு அதற்காக முனைவர் பட்டம் தேவையில்லை. அந்த நாற்காலியால் நமக்கு என்ன தெரிய வந்தது என்று சொல்லத்தான் அந்தப் பட்டம்.

நம் பல்கலைக்கழகங்கள் இதற்குத் தரும் இடம் என்ன? 2019இன் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டாயமாக்கிய ஆய்வு அறப் பாடம் 30 மணி நேரம். அதில் தத்துவத்துக்கும் அறத்துக்கும் சேர்த்து 3 மணி நேரம். மேற்கோள் எண்ணிக்கை, கருத்துத் திருட்டு மென்பொருள் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது; ஒரு முடிவை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்விக்கு இல்லை.

இது பாடத்திட்டத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. செய்கிறவருக்குத் தத்துவம் எதற்கு என்ற கேள்வி இந்த மண்ணில் மிகப் பழையது. தச்சரையும் கொல்லரையும் குயவரையும் நெசவாளரையும் அவர்கள் கையைப் புகழ்ந்தே ஏட்டுக்கு வெளியே நிறுத்திவைத்த சமூகம் இது. கையறிவைக் கொண்டாடுகிறோம் என்ற பெயரில் அதே பிரிவினையை உயர்கல்விக்குள் மீண்டும் நட்டுவைப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். வடிவமைப்பு ஆய்வாளர், அறிவியல் தத்துவவாதிகளான பாப்பரையும் லகாடோஸையும் ஃபயராபெண்டையும் மூலநூல்களாகவே, ஒரு முழுப் பருவம் உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்தபின் அவர்களோடு மல்லுக்கட்டட்டும், ரிட்டல் பாப்பரோடு மல்லுக்கட்டியதுபோல. படிக்காமலே விலக்குப் பெற்றவரிடம், தன் வேலையின் மதிப்பைச் சொல்ல இரவல் சொற்கள் மட்டுமே மிஞ்சும்.