ஸ்ரீபண்டாரவகை: எல்லைக் கிராமங்கள் மறந்துபோன ஒரு கோயில் அரசு

ஐரோப்பிய இடைக்கால வரலாறு பேசப்படும் வகுப்புகளில் ஒரு கருத்து ஐயத்திற்கு இடமின்றி உலவுகிறது. ஆயரே அரசராக இருந்த சிற்றரசுகள் ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியவை. இந்தியாவில் மன்னன் கோயிலைக் காத்தான், கோயில் ஒருபோதும் ஆளவில்லை என்பதே அது. மைன்ஸ், கொலோன், டிரியர் பேராயர்கள் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்ததும், சால்ஸ்பர்க் பேராயரின் ஆட்சி 1803 வரை நீடித்ததும் மாணவர்களுக்கு அயல்நாட்டு விந்தைகளாகவே அறிமுகமாகின்றன.

இக்கருத்து பிழையானது. அதை நிறுவ ஜெர்மனி வரை செல்ல வேண்டியதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் நில வரலாற்றில் வரும் இரண்டு சொற்களைக் கவனித்தாலே போதும். ‘பண்டாரவகை’ என்பது அரசுக்குரிய நிலம். ‘ஸ்ரீபண்டாரவகை’ என்பது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய நிலம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் எழுத்து. குடியானவன் யாருடைய குடி, அவன் செலுத்துவது யாருடைய கணக்கில் சேரும் என்பதை அந்த ஓர் எழுத்தே தீர்மானித்தது. வழிபாட்டிடம் ஒன்று அரசுக்கு இணையாகத் தனிப் பண்டாரம் வைத்திருந்ததென்றால், அதனை வெறும் வழிபாட்டிடம் என்று எப்படி எழுத முடியும்?

இடைக்காலக் கேரளத்தில் இத்தகைய கோயில் எல்லைக்கு ‘சங்கேதம்’ என்று பெயர். அதற்குத் தனி எல்லை உண்டு. தண்டிக்கும் அதிகாரம் உண்டு. அந்த எல்லைக்குள் மன்னன் காவலனாக மட்டுமே நின்றான். காவலுக்கு ஈடாக ஒரு பங்கு அவனுக்குக் கிடைத்தது. ஆட்சி ஊராளர் சபையிடம் இருந்தது. ஊராளரும் மீறக் கூடாத விதிகளுக்குக் ‘கச்சம்’ என்று பெயர். மூழிக்களக் கச்சம் அவற்றுள் புகழ்பெற்றது. பிற கோயில்களின் கல்வெட்டுகளும் அதனை முன்மாதிரிச் சட்டமாகச் சுட்டுகின்றன. எல்லை, தண்டம், வருவாய், எழுதப்பட்ட சட்டம் ஆகிய நான்கும் ஓர் ஆயருக்கு இருந்தால் அது அரசு, ஒரு சபைக்கு இருந்தால் அது ‘சமய நிறுவனம்’ என்று பிரித்துப் பேசுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இதன் தொடக்கத்தை எல்லைக்கு அருகிலேயே காணலாம். பாறசாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் கோயிலும் சாலையும் நிறுவிய செய்தியைச் செப்பேடு தருகிறது. கோயில் எழுந்த நிலம் முஞ்சிறைச் சபையாருடையது. மன்னன் அதனைப் பறித்துக்கொள்ளவில்லை. வேறு நிலம் மாற்றாகக் கொடுத்தே பெற்றான். சாலையில் 95 சட்டர்களுக்கு இடம் வகுக்கப்பட்டது. சண்டையிடுவோருக்கும் ஆயுதத்தோடு வருவோருக்கும் தண்டம் விதிக்கப்பட்டது. மன்னனே மாற்று நிலம் கொடுத்து நிலம் பெற வேண்டிய சபையும், தனக்கெனத் தண்டமுறை கொண்ட சாலையும் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு இருந்தன. அச்செப்பேட்டின் மொழி தமிழ். ஆனால் அது தமிழா, மலையாளத்தின் முன்வடிவமா என்ற வழக்கில் செலவிடப்பட்ட மையில் நூறில் ஒரு பங்குகூட, அது எந்த வகை அதிகாரத்தைப் பதிவு செய்கிறது என்ற கேள்விக்குச் செலவிடப்படவில்லை.

திருச்சபைக்குத் தலைமைப் படிநிலை உண்டு, கோயிலுக்கு அது இல்லை, ஆகவே ஒப்பீடு பொருந்தாது என்பது வழக்கமான மறுப்பு. படிநிலை இல்லை என்பது உண்மையே. ஆயர் ஒரு தனிமனிதர். சங்கேதத்தில் ஆண்டது குழு. ஆனால் இது ஆட்சி வடிவத்தின் வேறுபாடே அன்றி, ஆட்சி இருந்ததா இல்லையா என்பதன் வேறுபாடு அன்று. தனிமனித வடிவமே வேண்டுமென்போருக்கு அம்பலப்புழையில் செம்பகசேரி இருக்கிறது. அங்கே தேவநாராயணர் என்ற பட்டத்துடன் பிராமணரே அரசராக ஆண்டனர். 1746இல் திருவிதாங்கூர் அதனை இணைத்துக்கொண்டது.

பத்மநாபசுவாமி கோயிலை ஆண்ட குழுவின் பெயர் எட்டரை யோகம். அதில் அரசருக்கு இருந்தது அரை வாக்கே என்பது மரபு வழங்கும் விளக்கம். கோயிலுக்கு எதிராக மீறிய வேணாட்டு அரசர்கள் ‘கர்வக்கட்டு’ என்ற பெயரில் தண்டம் செலுத்தியிருக்கிறார்கள். தன் நாட்டுக்குள்ளேயே தண்டம் செலுத்தும் அரசன், அந்த எல்லைக்குள் அரசன் ஆகமாட்டான்.

இந்த வரலாறு ஏன் மறைந்தது? நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் காக்கப்படும் அம்மச்சிப் பிலாவு அதற்கு விடை சொல்லும். எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மர் அப்பலாமரத்தின் பொந்தில் ஒளிந்தார் என்பது கதை. சி.வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவல் இந்தப் பகையைக் கேரளத்தின் பொது நினைவாக்கியது. இளவரசர் நல்லவர், பிள்ளைமார் கொடியவர் என்று கணக்கு முடிந்தது. கோயில் நிலத்தையும் குடிகளையும் யார் ஆள்வது என்ற இரண்டு அதிகாரங்களின் மோதல், நல்லவனும் கெட்டவனும் மோதும் கதையாகச் சுருங்கியது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆய்வேடு எழுதுவோருக்கு இல்லை.

1750 ஜனவரி 3 அன்று நடந்த திருப்படித்தானமும் இவ்வாறே தவறாகப் படிக்கப்படுகிறது. தோவாளைக் கோட்டை முதல் கவணாறு வரையான நாட்டைப் பத்மநாபருக்கு ஒப்படைத்து, மார்த்தாண்ட வர்மர் பத்மநாபதாசர் ஆனார். பக்தி நூல்கள் இதனைத் துறவு என்கின்றன. பாடநூல்கள் இராஜதந்திரம் என்கின்றன. யோகத்தின் வலிமையை ஒடுக்கிய பிறகே இத்தானம் நிகழ்ந்தது என்ற வரிசையைக் கவனித்தால் மூன்றாவது பொருள் தெளியும். அரசர் கோயில் அரசை ஒழிக்கவில்லை, அதற்குள் குடிபுகுந்தார். அரை வாக்குக்கு உரியவர் முழு வாக்கையும் எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவில் அரசுகள் ஆயர் நாடுகளை விழுங்கியபோது நிலம் சமயத்தின் கையிலிருந்து வெளியேறியது. இங்கே நாடு முழுவதும் கடவுளின் பெயருக்கு மாறியது. வேணாட்டுக் குடியானவனுக்கோ இதனால் எந்த மாற்றமும் இல்லை. ஸ்ரீபண்டாரவகை ஸ்ரீபண்டாரவகையாகவே நின்றது.

அவ்வாறாயின் அந்த அரசு எப்போது முடிந்தது? 1811–12இல் கர்னல் மன்றோ ஏராளமான பிற தேவஸ்வங்களை அரசின் கீழ்க் கொண்டுவந்தபோதும் முடியவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்போதும் முடியவில்லை. எல்லைக்குக் கிழக்கே 1964ஆம் ஆண்டின் கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் ஒழிப்புச் சட்டமும், மேற்கே 1971ஆம் ஆண்டின் கேரளச் சட்டமுமே குடியானவனைக் கோயிலின் குடி என்ற நிலையிலிருந்து விடுவித்தன. ஜெர்மனிக்கு 1803 எதுவோ, இங்கு 1964உம் 1971உம் அதுவே. ஒரே கோயிலின் குடிகள், எல்லையின் இரு புறத்திலும் ஏழு ஆண்டு இடைவெளியில் விடுபட்டார்கள். இந்த இரு ஆண்டுகள் எத்தனை பாடநூல்களில் இருக்கின்றன?

இன்று இது பழங்கதை அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 290அ பிரிவு, ஆண்டுதோறும் கேரளம் 46.5 லட்சமும் தமிழ்நாடு 13.5 லட்சமும் தேவஸ்வ நிதிகளுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. 2020 ஜூலை 13 அன்று உச்சநீதிமன்றம் பத்மநாபசுவாமி கோயிலில் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றது. அதையொட்டிய பொது விவாதம் அரச குடும்பமா, அரசாங்கமா என்ற இரண்டு பெயர்களுக்குள் அடங்கிப்போனது. அரசு தலையிடும் முன் கோயில் பக்தர்களிடம் இருந்தது என்று முழங்குவோர், அந்தப் பக்தர்கள் யார் என்று சொல்ல வேண்டும். சங்கேதத்தை ஆண்டது மூடிய ஒரு குழு. அந்நிலத்தில் உழைத்தோரில் பெரும்பகுதியினருக்குக் கோயில் வாசல் 1936 நவம்பர் 12 வரை திறக்கவில்லை.

இதனை வாதத்தால் அன்றிச் செயலால் முதலில் உணர்த்திய இடமும் நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இருக்கிறது. 1888இல் நெய்யாற்றங்கரை அருவிப்புறத்தில் நாராயண குரு சிவனைப் பிரதிட்டை செய்தார். அங்கு உருவான கோயில் யோகத்திலிருந்து 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பிறந்தது. எட்டரை யோகத்தின் ‘யோகம்’ என்ற சொல்லே இங்கும் நிற்கிறது. அரசனுக்கே அரை வாக்குத் தந்த சபையின் பெயரை, எந்த வாக்கும் தரப்படாதவர்கள் எடுத்துத் தம் சங்கத்துக்குச் சூட்டினார்கள். அருவிப்புறத்தில் கூடியவர்களுக்குக் கோயில் ஓர் அரசு என்பது தெரிந்திருந்தது. அதனைத் தெரியாததுபோல எழுதிக்கொண்டிருப்பது ஆய்வுலகம் மட்டுமே.