பணம் கட்டியவன் வெளியே, வண்டி உள்ளே!

2020ஆம் ஆண்டு பூட்டிய வாகன இறக்குமதிக் கதவைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில் அரசாங்கம் திறந்தது. மின்காருக்கு முன்பணம் கட்டியோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி துறைமுக வாசல் வரைதான்!

மின்காருக்கு மோட்டாரின் வலுவைக் கொண்டே வரி கணிக்கப்படுகிறது. சீனத்துக் கார் ஒன்றினை இறக்குமதியாளர் 100 கிலோவாற் என்றார். 150 ஆக இருக்கலாமெனச் சுங்கத் திணைக்களம் ஐயுற்று வண்டிகளைத் தடுத்து வைத்தது. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏறிய பின்னரே வங்கிப் பிணையின் பேரில் விடுவிக்க வழி பிறந்தது.

ஐயுறுவதும் அளந்து பார்ப்பதும் அரசின் உரிமை; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வழக்காடும் இரு தரப்பிலும் சேராதவன், கடன்பட்டுப் பணம் கட்டியவன், வட்டியையும் சுமந்து காத்திருப்பது எந்த நியாயம்? பின்னர் போதுமென்று ஏற்ற பிணையை முதல் நாளிலேயே கேட்டு வாங்கத் தடையாயிருந்தது எது?