'பொருளற்ற ஒலி' என்று எழுதியது யார்?

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று அண்மையில் என்னிடம் ஓர் அறிக்கையைக் கொடுத்து, அதில் உள்ளதைத் தமிழில் விளக்கச் சொன்னது. அவர்கள் மகனுக்கு ஆறு வயது; ஆட்டிசம் உண்டு. சிகிச்சை மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெற்றோரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதவாறு சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். 'குறைக்க வேண்டிய நடத்தைகள்' என்ற தலைப்பின்கீழ் முதலில் இருந்தது 'பொருளற்ற ஒலியெழுப்பல்'. எத்தனை முறை என்ற எண்ணிக்கை இருந்தது. இரு நோக்கர்கள் தனித்தனியே எண்ணியதும், இருவர் எண்ணிக்கையும் பெரிதும் ஒத்துப்போனதும் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வொலி எழும்போது பொருட்படுத்தாமல் பயிற்சியைத் தொடர வேண்டும் என்பது பரிந்துரை. ஆய்வு முறையியல் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெறக்கூடிய அறிக்கைதான்.

பிறகு தாயார் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். சிறுவன் மரக்கட்டைகளை அடுக்குகிறான். 'போம்' என்கிறான். பயிற்சியாளர் அடுத்த கட்டையை நீட்டுகிறார். மீண்டும் 'போம்'. தாயார் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அது 'போதும்', நடு அசை விழுங்கப்பட்ட 'போதும்'. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் அவன் ஒருவனே. அவன் எழுப்பிய ஒலிகளில் பாதிக்கு மேல் இந்தச் சொல்லாகவே எனக்குக் கேட்டது. சரியான எண்ணைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. நான் எண்ணியபோது என் எண்ணிக்கையைச் சரிபார்க்க இரண்டாம் நோக்கர் எவரும் இல்லை.

இதைக் கேட்டவுடன் மொழியியல் நண்பர்கள் சிலர் "நடத்தையியல் என்றாலே இப்படித்தான்" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே நேர்ந்த பிழை, நடத்தைப் பகுப்பாய்வின் அடிப்படைக் கருத்துகளைப் பின்பற்றியதால் நேர்ந்ததன்று. பின்பற்றாததால் நேர்ந்தது.

அத்துறை மாணவருக்கு முதலில் கற்பிப்பது எண்ணுவதை அன்று. எதை எண்ணுவது என்று வரையறுப்பதை. ஆக்டன் லிண்ட்ஸ்லி 1965இல் ஒரு சோதனையை முன்வைத்தார்: பிணத்தால் செய்ய முடிந்த எதுவும் நடத்தை ஆகாது. 'அமைதியாக இருத்தல்', 'எதிர்த்துப் பேசாதிருத்தல்' ஆகியவற்றைப் பிணம் நம்மைவிடச் சிறப்பாகச் செய்யும். நம் பள்ளி அறிக்கைகளில் நற்குணம் என்று எழுதப்படுவனவற்றில் எத்தனை இச்சோதனையில் தேறும் என்பதை வாசகரிடமே விடுகிறேன். அடுத்து, 'பிடிவாதம்', 'அடங்காமை' போன்றவை நடத்தைகள் அல்ல. பார்ப்பவர் ஒட்டும் சீட்டுகள். பார்க்கவும் கேட்கவும் கூடிய செயல் எது, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது அதில் சேரும், எது சேராது என்று எழுதிய பிறகே அளவீடு. அதிலும் எந்தப் பரிமாணத்தை அளக்கிறோம் என்பது முடிவை மாற்றிவிடும். 'நாளுக்கு மூன்று முறை அழுதான்' என்பது மூன்று விம்மலாகவும் இருக்கலாம், மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம். எண்ணிக்கை, வீதம், கால அளவு, கேட்டதற்கும் செய்ததற்கும் இடைப்பட்ட தாமதம் ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல.

இவ்வளவும் பாடநூலில் உள்ளவை. நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஒரு நடத்தையை அதன் வடிவத்தால் வரையறுக்கலாம், அது என்ன விளைவைத் தருகிறது என்ற பயனாலும் வரையறுக்கலாம். 'போம்' என்பதும், தலையைத் திருப்பிக்கொள்வதும், கட்டையைத் தள்ளிவிடுவதும் வடிவில் மூன்று. பயன் ஒன்றே: பயிற்சி நிற்க வேண்டும். ஒரே விளைவைத் தரும் துலங்கல்களை ஒரே வகுப்பாகக் கொள்வது ஸ்கின்னர் வழிவந்த பகுப்பாய்வின் அடித்தளம். மொழியியலாருக்கு இது புதிதன்று. 'பல்' என்பதில் வரும் பகரமும் 'அன்பு' என்பதில் வரும் பகரமும் ஒலியால் வேறு. ஆயினும் தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒரே ஒலியன். வங்காளிக்கோ அவை தனித்தனி எழுத்துகளுக்கு உரியவை. கென்னத் பைக் 1954இல் தொடங்கிய பெருநூலில் ஒலிக்கும் ஒலியனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டையே மனித நடத்தை முழுமைக்கும் விரித்தார். எது எதனோடு ஒன்று என்பதைக் கருவி சொல்லாது, அந்த முறைமைக்குள் வாழ்பவரே சொல்ல முடியும் என்பது நம் துறையின் பழைய பாடம்.

வங்காளத்திலேயே இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1920இல் மேதினிப்பூரில் அனாதை இல்லம் நடத்திய பாதிரியார் ஜே. ஏ. எல். சிங், ஓநாய்களிடமிருந்து மீட்டதாகக் கூறி இரு சிறுமியரைக் கொண்டுவந்தார். அவர்களே அமலாவும் கமலாவும். அமலா 1921இலும் கமலா 1929இலும் இறந்தனர். சிங்கின் நாட்குறிப்பு, ராபர்ட் ஜிங்கின் முயற்சியால் 1942இல் அமெரிக்காவில் நூலானது. அதற்கு ஓராண்டு முன்பே குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் ஆர்னால்டு கெசல் அச்செய்திகளைக் கொண்டு ஒரு நூல் எழுதிவிட்டார். அந்நாட்குறிப்பில் சிறுமியர் இரவில் 'ஊளையிட்டனர்'. ஊளை என்பது விவரணையா? ஒரு நீண்ட குரல், இன்ன நேரம், இவ்வளவு நேரம் என்று எழுதியிருந்தால் வேறொருவர் அதை 'அழுகை' என்று வாசித்திருக்கக்கூடும். 'ஊளை' என்று எழுதிய கணத்திலேயே ஓநாய் உள்ளே வந்துவிடுகிறது. பெட்டல்ஹைம் 1959இல் அதே பதிவுகளை வாசித்து, அங்கே ஓநாயைக் காணவில்லை, ஆட்டிசக் குழந்தைகளைக் கண்டார். (ஆட்டிசத்துக்குத் தாயரைப் பழித்த அவருடைய கோட்பாடு பின்னர் கைவிடப்பட்டது. அது தனிக் கதை.) அதே 1959இல் சமூகவியலர் ஆக்பர்னும் கொல்கத்தா மானிடவியலர் நிர்மல் குமார் போஸும் மேதினிப்பூரில் நேரில் விசாரித்ததன் அறிக்கை வெளிவந்தது. ஓநாய்க் குகையிலிருந்து மீட்ட கதைக்கு நம்பத்தக்க சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போஸ் செய்தது எளிய வேலை: எழுதியவரைத் தவிர வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டார்.

அறிக்கையில்தான் இரண்டு நோக்கர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். உடன்பாடு என்பது உண்மை அன்று. நூறு இடைவெளிகளில் இருவரும் ஏதோ தொண்ணூறில் 'நிகழ்ந்தது' என்று கண்ணை மூடிக் குறித்தாலும், தற்செயலாகவே சராசரியாக எண்பத்திரண்டில் ஒத்துப்போவார்கள். இந்தத் தற்செயலைக் கழிக்கவே ஜேக்கப் கோஹன் 1960இல் கப்பா என்ற அளவையைத் தந்தார். ஆனால் கப்பாவும் இங்கே உதவாது. தமிழ் அறியாத இருவர் 'போதும்' என்பதைப் பொருளற்ற ஒலி என்று முழு உடன்பாட்டோடு குறிப்பார்கள். இருவர் கையிலும் ஒரே கோணல் அளவுகோல். நான் பார்த்த பதிவுத் தாள்களில் தேதி, நேரம், இடம், நோக்கர் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நோக்கர் அறிந்த மொழிகளுக்குக் கட்டம் இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், மையத்தில் ஆங்கிலமும் இந்தியும் என்று குழந்தைகள் வளரும் இந்நகரில் இது சிறு குறை ஆகாது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். ஸ்கின்னரின் 'வாய்மொழி நடத்தை' 1957இல் வந்தது. சோம்ஸ்கியின் மதிப்புரை, மறுபடியும், 1959இல். மதிப்புரையை எங்களுக்குப் பாடமாக வைத்தார்கள். நூலை யாரும் கையில் தரவில்லை. இலக்கணத்தை விளக்க ஸ்கின்னர் போதாது என்ற சோம்ஸ்கியின் வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் விரும்பாத ஒன்றை நிறுத்தச் சொல்லும் கூற்றுக்கு ஸ்கின்னர் தனி வகையே வகுத்திருந்தார். அந்தச் சிறுவனின் 'போம்' அதற்குள் பொருந்தும். அந்த அறையில் ஸ்கின்னரை ஒழுங்காக வாசித்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் இருந்திருந்தால், ஒரு குழந்தை 'போதும்' என்று சொல்வதைச் சொல்லாமல் இருக்கப் பழக்கும் திட்டம் எழுதப்பட்டிருக்காது. கேட்டும் கேளாதிருந்தால் அச்சொல் மெல்ல மறையும் என்பதை அத்துறையே நன்கு அறியும்.

பெற்றோர் மையத்தாரிடம் பேசினர். அவர்களும் காணொளியை மீண்டும் கேட்டு, பரிந்துரையை இப்போதைக்கு நிறுத்திவைக்க இசைந்தனர். அதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. தாயாரும் நானும் புதிய வரையறை ஒன்றை எழுதிக் கொடுத்தோம்: பயிற்சியின்போது சிறுவன் 'போதும்' என்பதை எவ்வளவு குறுக்கிச் சொன்னாலும், அதோடு தலையைத் திருப்புதலும் பொருளைத் தள்ளுதலும். அளக்க வேண்டியது அவன் எத்தனை முறை சொல்கிறான் என்பதை அன்று. அவன் சொன்ன கணம் முதல் எதிரில் இருப்பவர் கையை நிறுத்தும் வரை எத்தனை வினாடி என்பதை. அப்படிப் பார்த்தால் பதிவுத் தாளில் ஏறுவது பெரியவர்களின் நடத்தை.

இப்போது ஓர் இடர்ப்பாடு. தாயாரும் நானும் அங்கே 'போதும்' கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள். அந்த விருப்பமே காதைக் கெடுக்கும். சிங்குக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேரலாம். தமிழும் வங்காளமும் அறிந்த, இக்குடும்பத்தை அறியாத, கொல்கத்தாவில் உள்ள மாணவர் ஒருவர் வேண்டும். வாரம் இருமுறை, ஒரு மணி நேரம். காணொளியை நான் விளக்க மாட்டேன். வரையறையும் ஒரு நிறுத்துக்கடிகாரமும் தருவேன். விருப்பமுள்ளோர் உள்பெட்டியில் எழுதுங்கள்.