அச்சுப் பிழையும் அமானிதமும்

 

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எனக்கு நன்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் கையில் துணிப்பையுடன் வந்து ஸலாம் சொன்னார். அவருடைய தந்தையார் வஃபாத்தாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. கப்பலில் பல்லாண்டுகள் பணியாற்றிய மனிதர் அவர். இளைஞர் பையிலிருந்து தடித்த அட்டை போட்ட ஆல்பம் ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே பல நாட்டு அஞ்சல் தலைகள். அவற்றுள் பாதிக்கு மேல் அமெரிக்க நாட்டவை.

"ஹஜ்ரத், வாப்பா விட்டுப்போன வீடு, ரொக்கம், பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் எழுதிப் பங்கு வைத்துவிட்டோம். இது மட்டும் என்னிடம் இருக்கிறது. உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் பழைய காகிதம்தானே, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு செய்தியைப் படித்தேன். அமெரிக்காவில் ஒரே ஓர் அஞ்சல் தலை 16 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிருக்கிறதாம். இதை நானே விற்றுக்கொள்ளலாமா? பழைய காகிதத்திற்கு என்ன விலை உண்டோ அதை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

"அந்தச் செய்தியை வீட்டில் சொன்னீர்களா தம்பி?" என்று கேட்டேன். அவர் தலைகுனிந்தார். அவர் கேட்ட கேள்விக்கான விடை அந்த மௌனத்திலேயே இருந்தது. ஆயினும் அவருக்கு நான் விரிவாகச் சொன்னதை இங்கே உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இது அஞ்சல் தலையோடு முடிந்துபோகும் செய்தியன்று.

தலைகீழாய்ப் பறந்த விமானம்

அவர் படித்த செய்தி உண்மையே. 1918ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களுக்கிடையே விமானத் தபால் சேவையைத் தொடங்கியது. அதற்கென 24 சென்ட் மதிப்பில் ஓர் அஞ்சல் தலை அவசர அவசரமாக அச்சிடப்பட்டது. சட்டம் சிவப்பிலும், நடுவில் 'ஜென்னி' என்றழைக்கப்பட்ட விமானம் நீலத்திலும் அமைந்திருந்தன. இரண்டு நிறம் என்றால் ஒரே தாள் இரண்டு முறை அச்சேற வேண்டும். ஒரு தாளை மறுமுறை ஏற்றும்போது தலைமாற்றிக் கொடுத்துவிட்டனர். விமானம் தலைகீழாக விழுந்துவிட்டது.

மே 14ஆம் நாள் வில்லியம் ராபி என்ற வங்கி ஊழியர் வாஷிங்டன் அஞ்சலகம் ஒன்றில் 24 டாலர் கொடுத்து, 100 அஞ்சல் தலைகள் கொண்ட ஒரு தாளை வாங்கினார். அத்தனையிலும் விமானம் தலைகீழ்! அஞ்சல் துறையினர் தேடிவந்து திருப்பிக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. சில நாட்களில் யூஜீன் கிளைன் என்ற வியாபாரிக்கு அதை 15,000 டாலருக்கு விற்றார். கிளைன் அதைக் கர்னல் கிரீன் என்ற செல்வந்தருக்கு 20,000 டாலருக்கு விற்றார். பின்னர் அந்தத் தாள் பிரிக்கப்பட்டு, தலைகள் தனித்தனியே பல கைகளுக்குப் போயின. அவற்றுள் 49ஆம் எண்ணுக்குரிய தலை நெடுங்காலம் வெளிச்சமே படாமல் பாதுகாக்கப்பட்டிருந்ததால் நிறமும் பின்பக்கப் பசையும் புதிதுபோல் இருந்தன. 2023 நவம்பரில் நியூயார்க்கில் அது 20,06,400 டாலருக்கு ஏலம் போயிற்று.

இதைவிடவும் விலைபோனது ஒன்றுண்டு. 1868ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சென்ட் தலை அது. ஒருமுறை பயன்படுத்திய தலையை மையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்க, முத்திரை மை காகிதத்தில் ஊறும்படி அக்காலத்தில் சின்னஞ்சிறு கட்டங்களை அழுத்திப் பதித்தனர். அப்பதிவுகளில் 'இசட்' எனப்படும் வகை கொண்ட அந்த ஒரு சென்ட் தலை உலகில் இரண்டே இரண்டுதான் அறியப்பட்டுள்ளன. ஒன்று நியூயார்க் பொது நூலகத்திற்கு உரியது. மற்றொன்று 2024 ஜூன் மாதம் 43,66,000 டாலருக்கு விற்றது. அதாவது 36 கோடி ரூபாய்க்கும் மேல்! ஒரு கடிதத்தைக்கூட இனி அது சுமக்கப்போவதில்லை.

நாலு கோடிப் பிழைகள்

பிழைக்கு ஏன் இந்த விலை? பிழை அழகானது என்பதாலா? இல்லை. பிறரிடம் இல்லை என்ற ஒன்றுதான் காரணம். இதை ஐயமின்றி மெய்ப்பித்த நிகழ்ச்சி ஒன்று 1962இல் நடந்தது.

ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலாளராக இருந்து, 1961இல் விமான விபத்தில் உயிரிழந்த டாக் ஹாமர்ஷெல்ட் நினைவாக அமெரிக்கா 4 சென்ட் தலை வெளியிட்டது. அதன் மஞ்சள் பின்னணி சில தாள்களில் தலைகீழாக விழுந்திருந்தது. நியூஜெர்சியைச் சேர்ந்த லியோனார்டு ஷெர்மன் என்ற நகை வியாபாரியிடம் அத்தகைய 50 தலைகள் கொண்ட தாள் ஒன்று கிடைத்தது. அவர் மகிழ்ச்சிக்கு அளவில்லை. செய்தி வெளியாயிற்று. அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? அதே பிழையுடன் வேண்டுமென்றே மேலும் அச்சிடும்படி உத்தரவிட்டார். சுமார் 4 கோடித் தலைகள் அச்சாகி அஞ்சலகங்களில் குவிந்தன. ஷெர்மன் நீதிமன்றம் சென்றும் பயன் விளையவில்லை. நேற்றுவரை ஒரு செல்வமாக இருந்தது, மறுநாள் நாலு சென்ட் காகிதமாகிவிட்டது.

சிந்தித்துப் பாருங்கள். அவர் கையிலிருந்த தாளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: அது மற்றவர்களிடமும் வந்துவிட்டது. பெருக்கிக்கொள்ளும் ஆசை மனிதனைக் கப்று வரை பராக்காக்கிவிடுகிறது என்று திருக்குர்ஆன் தகாஸுர் அத்தியாயத்தில் எச்சரிப்பதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. நம் வீட்டுத் திருமணங்களில், நகைகளில், வாகனங்களில் நாம் பெருமைப்படுவது பொருளுக்காகவா, பக்கத்து வீட்டில் அது இல்லை என்பதற்காகவா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

முகமதிப்பைக் கொடுத்தால் போதுமா?

இப்போது நமது இளைஞரின் கேள்விக்கு வருவோம். ராபி செய்ததில் மோசடி இல்லை. சொந்தப் பணம், திறந்த விற்பனை, குறித்த விலை. குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு சட்டம் வாங்கியவருக்கு வழங்குகிறது. இங்கே வாங்கியவரோ அந்தக் குறையைக் கண்டே மகிழ்ந்தார். ஆகவே அந்த வியாபாரம் நிறைவேறிவிட்டது.

ஆனால் 1986இல் நடந்த மற்றொன்றைப் பாருங்கள். சி.ஐ.ஏ. என்னும் அமெரிக்க உளவு நிறுவனத்தின் அலுவலக உபயோகத்திற்காக, வர்ஜீனியா மாநிலத்து அஞ்சலகம் ஒன்றில் ஒரு டாலர் தலைகள் 95 வாங்கப்பட்டன. பழங்கால விளக்கு ஒன்றின் படம் அதில் உண்டு. சுடரும் தாங்கியும் ஒன்றுக்கொன்று தலைகீழாக அச்சாகியிருப்பதை ஊழியர் ஒன்பது பேர் கண்டனர். அவர்கள் வேறு சாதாரணத் தலைகளைத் தம் பணத்தில் வாங்கி அலுவலகத்தில் வைத்துவிட்டு, பிழைத் தலைகளை எடுத்துக்கொண்டனர். ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை ஒரு வியாபாரியிடம் விற்றனர். ஒரு டாலருக்கு ஒரு டாலர் வைத்தாயிற்று, இனி யாருக்கு என்ன நட்டம் என்பது அவர்கள் கணக்கு. விஷயம் வெளிவந்தபோது நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தலைகளைத் திருப்பிக் கேட்டது. அவர்களில் சிலர் வேலையையே இழந்தனர்.

அவர்கள் எங்கே தவறினர்? தலைகள் நிறுவனத்தின் பணத்தில் வாங்கப்பட்டவை. அவற்றின் முகமதிப்பு யாருக்குச் சொந்தமோ, அவற்றில் ஒளிந்திருந்த அதிக மதிப்பும் அவருக்கே சொந்தம். முகமதிப்பை ஈடுவைத்துவிட்டு அதிகத்தை எடுத்துக்கொள்வது அமானித மோசடியே அன்றி வேறில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றை நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வருவது. குகையினுள் சிக்கிக்கொண்ட மூவர், தத்தமது நற்செயலை முன்வைத்துத் துஆச் செய்தனர். அவர்களில் ஒருவரிடம் முன்பு வேலை பார்த்த கூலியாள் கூலியை வாங்காமலே போய்விட்டார். இவர் அந்தக் கூலியைத் தொழிலில் போட்டுப் பெருக்கினார். நெடுநாள் கழித்துக் கூலியாள் வந்து தன் கூலியைக் கேட்டபோது, அங்கே நின்ற ஒட்டகங்கள், மாடுகள், ஆடுகள் அனைத்தையும் காட்டி, இவையே உம் கூலி என்றார். கேலி செய்கிறீரா என்று அந்த ஏழை திகைத்தார். இவர் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் ஓட்டிச் செல்லவிட்டார். அந்த நற்செயலின் பரக்கத்தால் குகையை அடைத்திருந்த பாறை முற்றிலும் விலகிற்று. பழைய கூலியை மட்டும் எண்ணிக் கொடுத்திருந்தால் அந்தக் கூலியாள் நன்றியோடுதான் வாங்கிப் போயிருப்பார். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லாஹ் ஒருவனே அறிந்திருப்பான்.

இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, இறந்தவர் விட்டுச் சென்றது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தரும் சட்டம். உங்கள் குடும்பக் கணக்கில் ஆல்பத்தை 32 பங்காக்கினால் உம்மாவுக்கு 4, உங்களுக்கு 14, ராத்தாவுக்கு 7, தங்கச்சிக்கு 7. அவர்கள் விட்டுக்கொடுத்தது பழைய காகிதத்தை. கோடி பெறக்கூடும் என்று நீங்கள் எண்ணுவதை அல்ல. தெரியாமல் தந்த சம்மதத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். மறுமையில் அந்த வாதம் நிற்குமா என்று பாருங்கள். முதலில் போய்ச் சொல்லுங்கள்."

ஏலம் கூடுமா?

"விற்பதானால் ஏலத்தில் விடலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். தாராளமாக விடலாம். வறுமையுற்ற அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபி (ஸல்) அவர்களே கூறிவிற்று, ஒரு திர்ஹத்திற்குக் கேட்டவரைத் தாண்டி இரண்டு திர்ஹம் தந்தவருக்குக் கொடுத்தார்கள் என அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் வருகிறது. ஆனால் வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காக ஆள் வைத்துக் கேட்பது 'நஜ்ஷ்' எனப்படும். அது ஹராம். அவ்வாறே பொருளின் குறையை மறைப்பதும் ஆகாது. அஞ்சல் தலை வியாபாரத்தில் பழைய தலைக்குப் புதுப் பசை பூசுவது, ஓரத்துத் துளைகளைத் திருத்துவது போன்ற தில்லுமுல்லுகள் நெடுநாளாக உண்டு. அதனால்தான் அங்கே பெரிய விலைத் தலைகளுக்கு நிபுணர் குழுவின் சான்றிதழ் கேட்கின்றனர். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அறிவோம்.

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்தார். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். பிறகு அனைவரின் சம்மதத்தோடு, விவரமறிந்த ஒருவரிடம் ஆல்பத்தைக் காட்டியிருக்கிறார். கோடிக்கணக்கில் அச்சான சாதாரணத் தலைகள், எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய் பெறலாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள் ஹஜ்ரத். ஒவ்வொரு தலைக்கும் கீழே எந்தத் துறைமுகம், எந்த வருடம் என்று வாப்பா கைப்பட எழுதியிருக்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. விற்க வேண்டாம், நீயே வைத்திரு, நாங்கள் வரும்போது காட்டு என்று மூவரும் சொல்லிவிட்டார்கள்."

அதே ஆல்பம்தான் அவருடைய வீட்டிற்குத் திரும்பியது. முன்பு மறைத்து வைத்திருந்தார். இப்போது ஹலாலாக வைத்திருக்கிறார். தாயும் சகோதரிகளும் வந்தால் அச்சமின்றி எடுத்துக் காட்டலாம்.

வாசகர்களே! நம் இல்லங்களிலும் பங்கு வைக்கப்படாத பழைய பெட்டிகள் இருக்கலாம். அவற்றில் பிறருக்குரிய பங்கு ஏதேனும் உண்டா என்று இன்றே திறந்து பார்ப்போம். பிறர் அறியாத உரிமையையும் அவர்களிடம் கொண்டு சேர்க்கும் நல்ல உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.