வண்டி வைத்தியம்: நட்டை முறுக்காதீங்க!

இளம்பிள்ளையில் தறிவீட்டிலிருந்து சேலைக் கட்டைப் பழைய புல்லட்டில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறவருக்கு இடதுபக்கம் சொட்டும் ஆயில் பெரிய தலைவலி. கறைபட்ட கையோடு கட்டைத் தொட்டால் சேலை விலைபோகாது. பின்டயரில் பட்டாலோ, வளைவில் வண்டி வழுக்கும்.

சென்னை திருவொற்றியூரில் தயாரான காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டில், பிரைமரி செயின் கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே நட்தான். ஆனால் ஆயிலைத் தடுப்பது விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். சொட்டுகிறதே என்று நட்டை மேலும் முறுக்கினால் அலுமினியக் கவர் வளையும், கசிவு கூடும்.

செய்ய வேண்டியது இதுதான்:

* ஆயிலை வடித்துவிட்டு, இடது ஃபுட்ரெஸ்ட்டையும் கவரையும் கழற்றுங்கள்.
* கவரைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.
* சீல் உட்காரும் பள்ளத்தைத் துடைத்து, முறுக்கிக்கொள்ளாமல் புது சீல் போடுங்கள்.
* நட்டை அளவாக இறுக்குங்கள்.
* லெவல் ஸ்க்ரூ துளை வரை மட்டும் ஆயில் ஊற்றுங்கள். அதிகமானாலும் கசியும்.

பிறகும் இன்ஜின் ஆயில் குறைந்து, இந்தப் பக்கம் தானாக ஏறுகிறதா? கிராங்க் சீல் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.