பூச்சட்டிக்கு அடியில் பாருங்கள்

லயத்து வாசலில் பூச்செடி வைப்பது நல்ல பழக்கம். வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். சட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுதான் வேண்டாம். அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் முட்டை 7 முதல் 10 நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். பிள்ளைக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தபிறகு, "புகையடிக்க ஆளே வரலையே" என்கிறோம். புகை பறக்கிற கொசுவைத்தானே கொல்லும்? தட்டில் நெளிகிற புழுவை என்ன செய்யும்?

தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, அம்மா. முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேயுங்கள்.

காகிதப்பூவுக்கும் கற்றாழைக்கும் தினமும் தண்ணீர் எதற்கு? மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரத்திலேயே ஊற்றினால் வேர்தான் அழுகும். போத்தல் தண்ணீரில் மணிப்பிளாண்ட் வளர்ப்பவர்கள் அதை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், நன்றாகவே வளரும்.