சாகாமல் ஆடுவது திறமை இல்லை, தம்பி



செங்கோட்டையில் மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. குண்டாறு பக்கம் காலை நடை போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். ஆகவே பதிவு நீளும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே லைக் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

"இந்த வயசுல வாத்தியாருக்கு வீடியோ கேம் கேக்குதோ?" என்று குடும்பக் குழுவில் மதினி கேட்டிருந்தார்கள். கேட்கத்தான் செய்கிறது மதினி. இது காசு கட்டி ஆடும் சூதாட்டம் இல்லை. பேரன் லீவுக்கு வந்தபோது என் கம்ப்யூட்டரில் வார் தண்டர் என்ற விமானச் சண்டை விளையாட்டை ஏற்றிவைத்துவிட்டுப் போனான். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று எழுதிப் போட்டவன், அவை ஒன்றுக்கொன்று மாறுவதைக் கண்ணால் கண்டது அதில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு இரவு நாங்கள் நாலு பேர் ஒரே அணியில் ஆடினோம். நான், பேரன், பெங்களூரில் ஒரு பழைய மாணவன், ஷார்ஜாவில் ஒருவன். நான் தரையில் இருக்கும் டாங்கிகளை அடிக்கும் கனமான விமானத்தில் தாழப் பறந்தேன். இந்த ஆட்டத்தில் டாங்கிகளையும் தளங்களையும் அடித்தால்தான் எதிரணியின் டிக்கெட் குறையும். டிக்கெட் தீர்ந்த அணி தோற்றது. "மேலே இருந்து என் வாலைப் பார்த்துக்கோ" என்று ஷார்ஜாக்காரனிடம் சொல்லியிருந்தேன். அவன் ஆறாயிரம் மீட்டரில் இருந்தான். இரண்டு பேர் என் பின்னால் வந்து என்னைச் சல்லடையாக்கும் வரை அங்கேயே இருந்தான். நான் விழுந்த பிறகு இறங்கி வந்தான். என் பேரன் ஏற்கெனவே அடித்துப் புகைய விட்டிருந்த ஒருவனை முடித்துவிட்டு மறுபடி மேலே போய்விட்டான். அணி தோற்றது. அவன் மட்டும் கீறல் இல்லாமல் திரும்பினான்.

பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. "சார், என் கே.டி. நாலுக்கு மேல போயிட்டு. சாகாம ஆடறதுதான் சார் திறமை." கே.டி. என்றால் எத்தனை பேரை வீழ்த்தினாய், எத்தனை முறை நீ விழுந்தாய் என்ற விகிதம். அந்த வரிக்குத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பது தப்பில்லை. ஆயிரம் மீட்டர் உயரம் என்பது பாங்கில் போட்ட பணம் மாதிரி. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்கு ஐநூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான். அந்த வேகத்தில் பாய்ந்து அடித்துவிட்டு, மிச்ச வேகத்திலேயே மேலே ஏறிவிடுவதைப் பூம் அண்ட் ஜூம் என்கிறார்கள். எதிரியோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வால் பிடிப்பது டர்ன் ஃபைட். நம் மலைப்பக்கம் பருந்து செய்வது முதலாவது. சேவல் சண்டை இரண்டாவது.

எந்தப் பாணி என்பதை விமானம்தான் முடிவு செய்யும். ஜப்பானின் ஜீரோவோடு வளைந்து சண்டை போடாதே, மேலிருந்து பாய்ந்து அடித்துவிட்டு ஓடிவிடு என்று தன் ஆட்களுக்குப் பாடம் எடுத்தார் அமெரிக்கர் ஷெனால்ட். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். ரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் கிளம்பின. உயரம் எடுக்க நேரமில்லை. மேலே ஜீரோக்கள் காத்திருந்தன. பல ஹரிக்கேன்கள் திரும்பவில்லை. ஆக, உயரம் எடுக்காதே என்று நான் சொல்லவே இல்லை. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு யாருக்கு உதவினாய் என்றுதான் கேட்கிறேன்.

சண்டை விமானத்துக்கு முதலில் விதி எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மானியர் ஆஸ்வால்ட் போல்க்கே. காலம் 1916. தாக்கும் முன் சாதகமான இடத்தைப் பிடி, சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்று ஆரம்பிக்கும் அந்த விதிகள், கூட்டாகத் தாக்கு, ஒரே எதிரிமேல் பல பேர் போய் விழாதே என்று முடியும். அதாவது முதல் விதி நீ பிழைக்க. கடைசி விதி கூட இருப்பவன் பிழைக்க. அதே ஆண்டு அக்டோபர் 28-ல் அவரும் அவருடைய சகாவும் ஒரே எதிரியைத் துரத்தியபோது இரண்டு விமானமும் உரசி, போல்க்கே இறந்துபோனார். விதி எழுதியவருக்கே அந்தக் கதி. அடுத்தவன் அடித்துப் புகைய விட்டதைப் பாய்ந்து எடுக்கும் என் சீடன் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப் படையில் ஒரு கேலிச் சொல் இருந்தது: தொண்டை வலி. வீரச் சிலுவைப் பதக்கத்தைக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். அந்தப் பதக்கத்துக்கு ஆசைப்பட்டு எண்ணிக்கைக்காகவே பறப்பவனைப் பார்த்து, "அவனுக்குத் தொண்டை வலி" என்பார்கள். ஷார்ஜாவிலும் தொண்டை வலி பரவியிருக்கிறது என்று தெரிகிறது.

எண்ணிக்கை எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு நம் ஊர்ப் பெயர் தாங்கிய சாட்சியே உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையில் 264-ஆம் ஸ்குவாட்ரனுக்கு "மெட்ராஸ் பிரசிடென்ஸி" என்று பெயர். போர் நிதிக்கு நம் மாகாணம் கொடுத்த பணத்துக்கு நன்றியாக வைத்தது. அவர்கள் ஓட்டியது டிஃபையன்ட். முன்பக்கம் சுட அதில் துப்பாக்கியே கிடையாது, எல்லாம் முதுகில் சுழலும் கூண்டில். 1940 மே 29 அன்று டன்கிர்க் மேல் ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அவர்கள் கணக்கு. பின்னாளில் ஜெர்மன் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது அதில் பெரும்பகுதி நிற்கவில்லை. முன்னாலும் கீழேயும் வந்தால் டிஃபையன்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை எதிரி கற்றுக்கொண்டான். ஆகஸ்ட் முடிவதற்குள் பெரிய இழப்போடு டிஃபையன்ட்டைப் பகல் சண்டையிலிருந்தே விலக்கிவிட்டார்கள். 37 என்ற எண் ஒரு பையனைக்கூடக் காப்பாற்றவில்லை.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே ஆரம்ப நிலை விமானங்களை எடுத்துக்கொண்டு, நேற்று சேர்ந்த குழந்தைகளை வேட்டையாடி விகிதத்தை ஏற்றுகிறார்கள். பிளஸ் டூ பையன் மூன்றாம் வகுப்பு மைதானத்தில் இறங்கிக் கபடி ஆடிவிட்டுக் கோப்பையோடு வருவதற்குப் பெயர் திறமையா? அந்தப் புதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் மறுநாள் திரும்பி வருவார்கள்?

"விளையாட்டுதானே சார், விடுங்க" என்பீர்கள். விட முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். இதை இதுவரை பொதுவில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுத்தேன். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் வெறி. எனக்கும்தான். தேற மாட்டான் என்று தோன்றிய பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்துவார்கள், அல்லது தனித்தேர்வராக எழுதிக்கொள் என்று டி.சி.யைக் கையில் கொடுப்பார்கள். ஒரு வருஷம் அப்படி ஒரு பையனின் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியது நான்தான். அவர் வயல் வேலையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து, வகுப்புக்குள் ஏறாமல் வாசல்படியிலேயே நின்றார். "சார் சொன்னா சரிதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் நூறு சதவீதம் வந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தப் பையன் தனியாக எழுதினானா, எழுதவே இல்லையா என்று நான் விசாரிக்கக்கூட இல்லை.

நானும் அன்று ஆறாயிரம் மீட்டரில்தான் இருந்தேன். என் விகிதம் கெடவில்லை. கீழே ஒருவன் விழுந்தான்.

2017-ல் பிளஸ் டூ முடிவு வந்தபோது மாநில ரேங்க் பட்டியலை அரசு வெளியிடாமல் நிறுத்தியது. அப்போது அமைச்சர் செங்கோட்டையன். பெயரைக் கேட்டதும் நம் ஊருக்கே ஒரு பெருமை வந்த மாதிரி இருந்தது. "ரேங்க் இல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?" என்று புலம்பிய ஆசிரியர்களில் நான் இல்லை. அதற்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

அதனால் ஷார்ஜாத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நீ கெட்டிக்காரன். உன் கை நிதானம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் மதிப்பெண் பட்டியலில் ஒரு பத்தி இல்லை: உன்னால் எத்தனை பேர் உயிரோடு திரும்பினார்கள் என்ற பத்தி. விளையாட்டைச் செய்தவர்கள் அதை எண்ணாவிட்டால் போகிறது. நாம் எண்ணுவோம்.

வரும் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு (உனக்கு ஏழரை) நான் மறுபடி தாழத்தான் பறப்பேன். நீ மேலேயே இரு. ஆனால் கூப்பிட்டால் இறங்கி வா. கே.டி. மூன்றுக்கு இறங்கினால் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்டர் பரோட்டா என் செலவு.

அந்தப் பழைய பையன் இதைப் படிக்கிறானா என்று தெரியாது. இப்போது அவனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். படித்தால் ஒரு வார்த்தை எழுது தம்பி. நான் செய்தது தப்பு.

மற்றவர்கள் கமெண்ட்டில் என்னைத் தாராளமாகத் திட்டலாம். எழுத்துப்பிழை இல்லாமல் திட்டவும்.